நிலாவெளிக்கு மேல் மேகம், தரையில் வெயில்: எந்தச் செய்மதியை எதற்கு நம்புவது?

#1 கொட்பே_வாடை

வாடை தொடங்கினால் போதும், கைத்தொலைபேசிக் குழுக்களில் செய்மதிப் படங்கள் குவிகின்றன. "நாசா சொல்லிவிட்டது", "இஸ்ரோ எச்சரித்திருக்கிறது" என்று மேலே ஒரு வரியும் சேர்ந்து வருகிறது. கொட்பேயிலிருந்து பலநாள் படகைக் கிளப்புவதா என்று பார்ப்பவரும், தம்பலகாமத்தில் விதைப்பைத் தள்ளிப்போடுவதா என்று பார்ப்பவரும் இந்தப் படங்களை வைத்துத்தான் முடிவெடுக்கிறார்கள். ஆகவே விபரம் தெரிந்தவர்கள் இங்கே எழுதிவைத்தால் நல்லது.

விண்வெளி நிறுவனங்கள் உண்மையிலேயே வானிலை எதிர்வுகூறுகின்றனவா? திருகோணமலைக்கு எந்தச் செய்மதியின் படம் பொருத்தம்? யப்பானின் வானிலைச் செய்மதி ஹிமாவாரியின் படத்தில் நிலாவெளிக்கு மேல் சிவந்து நிற்கும் மேகம், தரையில் ஒரு துளியும் தராமல் போவது ஏன்?

#2 சீனக்குடா43418

முதற் கேள்விக்குப் பதில்: இல்லை. நாசாவோ இஸ்ரோவோ யப்பானின் ஜாக்சாவோ நமது கரைக்குப் புயல் எச்சரிக்கை விடுவதில்லை. வங்கக் கடலில் புயலைக் கண்காணித்துப் பெயர் சூட்டுவது புதுடில்லியிலுள்ள பிராந்திய மையம், அதாவது இந்திய வானிலைத் துறை. நமக்கான எச்சரிக்கையை வெளியிடும் பொறுப்பு கொழும்பிலுள்ள வளிமண்டலவியல் திணைக்களத்துக்கு. கடலுக்குப் போகலாமா என்பதற்கு அந்த அறிவித்தல்தான் முடிவு. மற்ற எல்லாம் அதை விளங்கிக்கொள்ள உதவும் துணைத் தரவு.

அப்படியானால் விண்வெளி நிறுவனங்களின் பங்கு என்ன? புதுக் கருவியைக் கண்டுபிடித்து, விண்ணில் சோதித்து, அது நம்பத் தகுந்தது என்று காட்டுவது. 1960 ஏப்ரல் 1 இல் நாசா ஏவிய டைரோஸ்-1 வெறும் 78 நாள்தான் வேலை செய்தது. ஆனால் மேகத்தை மேலிருந்து படம் பிடித்தால் பயன் உண்டு என்பது அதோடு நிரூபணமாகிவிட்டது. அன்று தொடங்கிய வேலைப் பிரிவினை இன்றும் தொடர்கிறது. அமெரிக்காவில் நாசா செய்மதியைக் கட்டி ஏவும், கடல்-வளிமண்டல நிறுவனமான நோவா அதை இயக்கும். ஐரோப்பாவில் விண்வெளி நிறுவனமான ஈசா உருவாக்கும், 1986 இல் அமைந்த வானிலைச் செய்மதி நிறுவனம் யூமெட்சாட் இயக்கும். இந்தியாவில் இஸ்ரோ கட்டும் இன்சாட் செய்மதிகளின் தரவை வானிலைத் துறை பயன்படுத்தும்.

இன்னொன்று. நாம் பார்க்கும் படம் இந்த வேலையின் சிறு பகுதிதான். பெரும் பகுதி கண்ணுக்குத் தெரியாமல் கணினி மாதிரிகளுக்குள் போகிறது. ஒட்சிசன் உமிழும் 50–60 கிகாஹேட்ஸ் நுண்ணலையை அளந்தால், மேகம் மூடியிருந்தாலும் வளிமண்டலத்தின் வெப்பநிலை உயர வாரியாகக் கிடைக்கும். 183 கிகாஹேட்ஸில் ஈரப்பதன். ஜிபிஎஸ் அலை வளிமண்டலத்தைக் கடக்கையில் எவ்வளவு வளைகிறது என்பதிலிருந்தும் வெப்பநிலையும் ஈரப்பதனும் தெரியும். 2019 இல் ஏவிய கொஸ்மிக்-2 இன் ஆறு செய்மதிகளும் 24 பாகைச் சாய்வில் சுற்றுவதால், நம்மைப் போன்ற வெப்ப வலய நாடுகளுக்கு அவை அடிக்கடி தரவு தருகின்றன. வங்கக் கடலுக்கு நடுவே வானிலைப் பலூன் விட யாரும் இல்லை. ஐந்து நாளுக்கு முன்பே ஒரு தாழமுக்கத்தின் பாதையைச் சொல்ல முடிவதற்கு இந்த அளவீடுகளே முதற் காரணம்.

#3 உப்புவெளி_அலைவாங்கி

இரண்டாம், மூன்றாம் கேள்விகளுக்கு விடை ஒன்றுதான்: பார்வைக் கோணம்.

நமது இடம் ஏறத்தாழ வடக்கு 8.6, கிழக்கு 81.2 பாகை. ஹிமாவாரி நிற்பது கிழக்கு 140.7 பாகையில். இங்கிருந்து பார்த்தால் அடிவானத்திலிருந்து 22 பாகை உயரத்தில்தான் அது இருக்கிறது. அதாவது நமது மேகங்களை அது பக்கவாட்டில் பார்க்கிறது. 16 கிமீ உயர்ந்த இடிமேகத்தின் உச்சி, படத்தில் தன் சரியான இடத்தில் விழாது. ஹிமாவாரியில் அது ஏறத்தாழ 39 கிமீ மேற்கே தள்ளித் தெரியும். நிலாவெளிக்கு மேல் தெரியும் மேகம் உண்மையில் 40 கிமீ தள்ளிக் கடலில் நிற்கும். நகரத்துக்கு மேல் நிற்பது மேற்கே உள்நாட்டில் ஹொரவப்பொத்தானைப் பக்கம் தெரியும். கொட்பே_வாடை கேட்ட "சிவந்த மேகம், வெறும் தரை" பெரும்பாலும் இதனால்தான்.

16 கிமீ மேகத்துக்கு மற்றச் செய்மதிகளில் வரும் நகர்வைக் கணக்கிட்டால் (அடைப்புக்குள் ஒவ்வொன்றும் நிற்கும் கிழக்கு நெடுங்கோடு):

இன்சாட் வரிசை (74, 82 பாகை): 3–4 கிமீ
சீனாவின் ஃபெங்யுன்-4பி (105 பாகை): 9 கிமீ, மேற்கே
ஐரோப்பாவின் மெட்டியோசாட்-9 (45.5 பாகை): 15 கிமீ, கிழக்கே
கொரியாவின் ஜிகே-2ஏ (128.2 பாகை): 23 கிமீ, மேற்கே

பதிந்த மேகத்துக்கு நகர்வும் குறைவு. உச்சி 8 கிமீ உயரமென்றால், மேற்சொன்ன நகர்வில் பாதிதான். ஒரு மேகத்தின் சரியான இடம் வேண்டுமானால் இன்சாட்டைப் பாருங்கள். இஸ்ரோவின் மொஸ்டாக் தளத்தில் கிடைக்கும்.

#4 சீனக்குடா43418

உப்புவெளி சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். இன்சாட்டுக்கு இடம் சரி, நேரம் மெதுவு. இன்சாட்-3டிஆர் தனக்குத் தெரியும் பூமியின் முழு வட்டத்தையும் வருட ஏறத்தாழ 26 நிமிடம் எடுக்கும். மேலிருந்து கீழாக வருவதால், படத்தில் எழுதிய நேரத்துக்கும் நமது மேகத்தைக் கண்ட நேரத்துக்கும் பத்து நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் வரும். ஹிமாவாரியும் ஜிகே-2ஏயும் பத்து நிமிடத்துக்கு ஒரு படம் தருகின்றன. வேகமாக வளரும் இடிமேகத்தின் வளர்ச்சியை ஹிமாவாரியில் பாருங்கள், இடத்தை இன்சாட்டில் பாருங்கள். இரண்டையும் ஒரு படத்திலேயே தேடுவதுதான் தவறு.

நேரக் குறியீட்டையும் கவனியுங்கள். பெரும்பாலான படங்களில் இருப்பது உலகப் பொது நேரம். 0000 என்றால் இங்கே காலை 5.30. இதைக் கவனிக்காவிட்டால் புதுப் படமே ஐந்தரை மணித்தியாலம் பழையதுபோல் தோன்றும்.

#5 கிண்ணியா_கரை

இடம் சரியாக இருந்தாலும், சிவப்பு என்றால் கனமழை என்றுதானே அர்த்தம்?

#6 சீனக்குடா43418

இல்லை நானா. அகச்சிவப்புப் படத்தில் நிறம் காட்டுவது மேகத்தின் உச்சி எவ்வளவு குளிர் என்பதை. மழையை அது நேரடியாகக் காண்பதில்லை. இரண்டு பக்கமும் ஏமாற்றும்.

ஒரு பக்கம், இடிமேகத்தின் மேல் விரிந்த தட்டு. கீழே மழை விட்ட பிறகும் அது மைனஸ் 60, 70 பாகைக் குளிரில் பல மணித்தியாலம் மேல் காற்றில் அலையும். இதைப் பிரிக்க வழி உண்டு. 10.8 மைக்ரோமீற்றர் அலைவரிசையின் வெப்பநிலையிலிருந்து 12.0 இனதைக் கழியுங்கள். வித்தியாசம் சில பாகைக்கு மேல் இருந்தால் அது மெல்லிய பனிமேகம், அடியில் பெரிதாக ஒன்றுமில்லை. பூச்சியத்தை ஒட்டியிருந்தால் தடித்த மேகம். நீராவி அலைவரிசை 10.8 ஐ விட வெப்பமாகக் காட்டும் புள்ளிகள் இருந்தால், அங்கே மேகம் வளிமண்டலத்தின் மேல் படைவரை முட்டியிருக்கிறது. கடுமையான இடியும் காற்றும் அந்தப் புள்ளிகளுக்கு அடியில்தான்.

மறு பக்கம், வாடைக் காலத்தின் பதிந்த மழைமேகம். உச்சி பூச்சியப் பாகையை ஒட்டியிருக்கும். படத்தில் சாம்பல் நிறம், யாரும் திரும்பியும் பார்க்க மாட்டார்கள். ஆனால் கடலிலிருந்து ஈரக்காற்று தொடர்ந்து வந்துகொண்டிருந்தால் அந்தச் சாம்பல் நிறமே குச்சவெளியிலிருந்து வெருகல் வரை நாள் முழுக்க நனைத்துவிடும்.

மழையை உள்ளிருந்து பார்ப்பதற்கு நாசாவும் ஜாக்சாவும் சேர்ந்து 2014 பெப்ரவரியில் ஏவிய ஜிபிஎம் இருக்கிறது. 13.6, 35.5 கிகாஹேட்ஸ் என இரட்டை ரேடார், கூடவே 13 அலைவரிசை நுண்ணலை அளவி. குறை என்னவென்றால் அந்த ரேடார் ஒரு குறுகிய பட்டையை மட்டும் பார்த்துவிட்டுப் போய்விடும். நமக்கு மேல் அது வரும் நேரத்தில்தான் மழை பெய்ய வேண்டும் என்றில்லையே. அதனால் பல செய்மதிகளின் அளவைக் கோத்து, அரை மணிக்கு ஒரு வரைபடமாக நாசா ஐமெர்க்கையும், மணிக்கு ஒன்றாக ஜாக்சா ஜிஎஸ்மேப்பையும் தருகின்றன.

#7 தம்பலகாமம்_வயல்

ஐமெர்க் பற்றி, குளத்துத் தண்ணீரைக் கணக்குப் பார்ப்பவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

அதன் ஒரு கட்டம் 0.1 பாகை, ஏறத்தாழ 11 கிமீக்கு 11 கிமீ. ஒரு கட்டத்தில் 100 மிமீ என்றால் 12 மில்லியன் கனமீற்றர் நீர். ஒரு கட்டத்தை மட்டும் எடுத்து "எங்கள் வயலில் இவ்வளவு பெய்தது" என்று சொல்லக் கூடாது. நீரேந்து பரப்பிலுள்ள எல்லாக் கட்டங்களையும் கூட்டினால் பிழைகள் ஒன்றையொன்று ஓரளவு அடித்துப்போகும். அப்போதுதான் எண் பயன்படும்.

மூன்று பதிப்பு வருகிறது. முதலாவது நாலு மணித்தியாலத்தில், இரண்டாவது அரை நாளுக்குப் பின், இறுதிப் பதிப்பு மூன்று நான்கு மாதம் கழித்து. இறுதிப் பதிப்பு மட்டும் தரை மழைமானிகளின் மாதக் கணக்கோடு சரிசெய்யப்பட்டது. வெள்ளத்துக்கு முதலாவது, பருவ ஆய்வுக்கு இறுதி. ஒன்றை மற்றதோடு கலந்து வரைபு கீறினால் இல்லாத மாற்றம் இருப்பதுபோல் தெரியும்.

அதைவிட அதிகம் பேர் சறுக்குவது நாளின் எல்லையில். நமது மழைமானிகளில் நாள் என்பது காலை 8.30 இலிருந்து மறுநாள் 8.30 வரை. ஐமெர்க்கின் நாள் காலை 5.30 இலிருந்து 5.30 வரை. வாடைக் காலத்தில் விடியற்காலை மழை சாதாரணம். 5.30 க்கும் 8.30 க்கும் இடையில் பெய்தது ஒன்றில் நேற்றும் மற்றதில் இன்றுமாகப் போய்விடும். பிறகு "செய்மதி பிழை" என்று முடிவு கட்டுவார்கள். அரை மணித் தரவை இறக்கி, 8.30 இலிருந்து 48 படிகளை நீங்களே கூட்டுங்கள். ஐமெர்க் தரும் எண் மணிக்கு இத்தனை மிமீ என்ற வீதம். ஆகவே ஒவ்வொன்றையும் இரண்டால் வகுத்த பின்தான் கூட்ட வேண்டும். இதை மறந்தால் மழை இரட்டிப்பாகும்.

மலையில் காற்று மோதிப் பெய்யும் மழையை ஐமெர்க் குறைத்துக் காட்டும். இது நமக்கு முக்கியம். மூதூருக்கும் வெருகலுக்கும் வரும் வெள்ளம் இங்கே பெய்த மழையால் மட்டும் வருவதில்லை, மகாவலி மேலே வாங்கிய மழையாலும் வருகிறது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மெதுவாக நகர்ந்தபோது மலையகத்தில் விழுந்த தண்ணீர்தான் பின்னர் கொட்டியாரக் குடாவை நோக்கி இறங்கியது. மேலே பெய்ததைச் செய்மதி குறைத்துச் சொன்னால், கீழே இருப்பவருக்குத் தயாராகும் நேரமும் குறையும். அதனால் நீர்ப்பாசனத் திணைக்களத்தின் ஆற்று நீர்மட்ட அளவீட்டைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன், செய்மதியை இரண்டாவதாக.

#8 கிண்ணியா_கரை

மழை விளங்கியது. கடலில் எங்களுக்கு மழையை விடக் காற்றுத்தான் பெரிது. மேகப் படத்தில் காற்று தெரியாதே. இந்தியாவின் காரைக்கால் வானிலை ரேடாரைப் பார்த்தால் போதுமா?

#9 சீனக்குடா43418

காரைக்கால் இங்கிருந்து ஏறத்தாழ 300 கிமீ. பூமி வளைவதால், 0.5 பாகைச் சாய்வில் கிளம்பும் கதிர் நமது பக்கம் வரும்போது 8 கிமீ உயரத்தில் போகும். கீழே நடப்பது எதுவும் அதற்குத் தெரியாது. உயர்ந்த இடிமேகம் தெரியலாம், அவ்வளவுதான்.

கடற்காற்றை அளக்க ஸ்கட்டெரோமீற்றர் என்ற கருவி உண்டு. கடற்பரப்பின் சிற்றலைகளில் பட்டுத் திரும்பும் ரேடார் அலையின் அளவிலிருந்து காற்றின் வேகமும் திசையும் கணிக்கப்படும். ஐரோப்பாவின் மெட்ஒப் செய்மதிகளில் இருப்பது ஆஸ்கட், இஸ்ரோவுடையது 2022 நவம்பரில் ஏவிய ஓஷன்சாட்-3. நானா, இவற்றைப் பார்க்கையில் நாலு விடயம் மனதில் இருக்கட்டும்.

ஆஸ்கட் காலை 9.30, இரவு 9.30 ஐ ஒட்டித்தான் கடக்கும். படம் கைக்கு வரும்போது இரண்டு மூன்று மணித்தியாலம் ஆகியிருக்கும். இரு பக்கமும் 550 கிமீ அகலப் பட்டை, நடுவில் ஏறத்தாழ 700 கிமீ வெறுமை. சில நாள் நமது கடல் முழுவதும் அந்த வெறுமைக்குள் விழும். அது "காற்று இல்லை" என்று அர்த்தமல்ல. கரையை ஒட்டிய இருபது முப்பது கிமீக்குள் தரையின் எதிரொலி கலப்பதால் அளவு நம்பக் கூடியதல்ல, ஆகவே வள்ளத்தில் கரையோரம் போகிறவர்களுக்கு இது உதவாது. ஓஷன்சாட் பயன்படுத்தும் குறுகிய ரேடார் அலை (கேயு அலை) கனமழையில் குழம்பும். ஆஸ்கட்டின் நீண்ட ரேடார் அலை (சி அலை) மழையை நன்றாகத் தாங்கும், ஆனால் கடும் புயற்காற்றின் வேகத்தைக் குறைத்துச் சொல்லும்.

புயலின் வலுவைக் கணிக்க இன்றும் அடிப்படை டுவோராக் முறைதான். மேகச் சுருளின் வடிவத்துக்கு எண் கொடுப்பது. 2.5 வந்தால் பெயர் சூட்டும் நிலை. இரவில் மையம் எது என்று அகச்சிவப்புப் படத்தில் தேடுவது கடினம், மேலே விரிந்த மேகம் மூடிவிடும். அப்போது 89 கிகாஹேட்ஸ் நுண்ணலைப் படம்தான் கை கொடுக்கும், அது மேல் மேகத்தை ஊடுருவி அடியிலுள்ள மழை வளையத்தைக் காட்டும். 2020 டிசம்பர் 2 இல் புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே, குச்சவெளிப் பக்கம் கரை கடந்தது இரவில்தான். அந்த மாதிரி இரவுகளில் அகச்சிவப்புப் படத்தின் வெள்ளை வட்டத்துக்கு நடுவில் விரலை வைத்து "இதுதான் மையம்" என்பவர்களை நம்பிப் படகை இடம் மாற்றாதீர்கள். நூறு கிமீ கூடப் பிசகலாம்.

#10 கொட்பே_வாடை

நல்ல விளக்கம். இவ்வளவுக்கும் பிற நாடுகளின் தரவையே நம்பியிருக்கிறோம். நமக்கென்று ஒரு செய்மதி வேண்டாமா? 2019 இல் ராவணா-1 ஏவினோமே. 2017 இல் இந்தியா தெற்காசியச் செய்மதி என்று ஒன்று தந்ததே.

#11 தம்பலகாமம்_வயல்

தெற்காசியச் செய்மதி, ஜிசாட்-9, தொலைத்தொடர்புக்கானது. அதில் வானிலைக் கருவி இல்லை. ராவணா-1 ஒரு கிலோ எடையுள்ள கனசதுரம், ஏறத்தாழ 400 கிமீ உயரத்தில் சுற்றியது. நம் பொறியியலாளர்கள் கற்றுக்கொள்வதற்கு அது நல்ல முயற்சி, அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த உயரத்தில் போகும் ஒன்று ஒரு இடத்துக்கு மேல் சில நிமிடம்தான் நிற்கும். தொடர்ந்து பார்க்க 36,000 கிமீ உயரம் வேண்டும், அதன் செலவு வேறு.

உலக வானிலை அமைப்பின் 1995 ஆம் ஆண்டுத் தீர்மானம் 40 இன்படி அடிப்படைத் தரவை நாடுகள் இலவசமாகப் பகிர்கின்றன. 2021 இல் அது இன்னும் விரிவாக்கப்பட்டது. தலைக்கு மேலே இன்சாட், கிழக்கே மூன்று, மேற்கே ஒன்று. வானத்தில் நமக்குப் பஞ்சமில்லை. பஞ்சம் தரையில். அதே பணத்தை நீரேந்து பரப்புகளில் தானியங்கி மழைமானிக்கும், ரேடாருக்கும், கிழக்குக் கடலில் ஒரு மிதவைக்கும் போடுவதே சரி. தரையில் அளவில்லாவிட்டால் செய்மதி சொன்னது சரியா பிழையா என்று சொல்லவும் ஆளில்லை.

#12 சீனக்குடா43418

பெரும்பாலும் உடன்படுகிறேன், ஒன்றைத் தவிர. மானி வாங்குவது எளிது, பராமரிப்பதுதான் கடினம். தானியங்கி மழைமானியின் புனலில் இலையும் எறும்புக் கூடும் அடைத்தால் அது பூச்சியம் என்றே அனுப்பிக்கொண்டிருக்கும், கெட்டுப்போனதாகச் சொல்லாது. பூச்சியம் வரும் நாளில் பக்கத்துக் கட்டத்தில் ஐமெர்க் 40 மிமீ காட்டினால், மானியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். செய்மதியும் தரையும் ஒன்றையொன்று கண்காணிக்க வேண்டும். அதற்கு இரண்டு தரவையும் தினமும் ஒப்பிடும் ஆட்கள் வேண்டும், மாவட்டத்துக்கு ஒருவராவது. பணத்தின் முதற் பங்கை நான் அங்கேதான் வைப்பேன்.

#13 உப்புவெளி_அலைவாங்கி

புயலன்று கோபுரங்களுக்கு மின்சாரம் போனால் இணையமும் போகும், மொஸ்டாக்கும் ஜிஎஸ்மேப்பும் கூடவே போகும். ஆனால் செய்மதி தன் பாட்டில் ஒலிபரப்பிக்கொண்டேயிருக்கும். கொரியாவின் ஜிகே-2ஏ 1692.14 மெகாஹேட்ஸில் பத்து நிமிடத்துக்கு ஒரு முழு வட்ட அகச்சிவப்புப் படம் அனுப்புகிறது. அதை நேரே பிடிக்கலாம்.

தேவையானவை: 2.4 கிகாஹேட்ஸ் வைஃபைக்கு விற்கும் 60க்கு 100 செமீ கம்பிவலைத் தட்டு, 1690 மெகாஹேட்ஸுக்கான வடிகட்டியோடு கூடிய முன்பெருக்கி, கணினியில் செருகும் ஆர்டிஎல்-எஸ்டிஆர் வானொலி வாங்கி, ராஸ்பெரி பை என்ற சிறு கணினி, சமிக்ஞையைப் படமாக்கும் சாட்டம்ப் மென்பொருள். படங்கள் குறியாக்கம் செய்யப்பட்டவை. அதைத் திறப்பதற்கான குறியீட்டுத் திறவுகோலைக் கொரிய வானிலை நிறுவனமே பொதுவில் தருகிறது. அந்தக் கோப்பை மென்பொருளுக்குக் காட்டாவிட்டால் சமிக்ஞை நன்றாக வந்தும் படம் வராது. வானொலிக் கருவி என்பதால், இறக்குமதி செய்யுமுன் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

தட்டை வடக்கிலிருந்து 98 பாகைக்கு, அதாவது கிழக்கிலிருந்து சற்றுத் தெற்கே, 35 பாகை உயர்த்தி வையுங்கள். நமது கரையில் அந்தப் பக்கம் கடல், மறைப்பு குறைவு. பழைய நோவா 15, 18, 19 செய்மதிகளைப் பிடிக்கச் சொல்லும் வழிகாட்டிகளை விடுங்கள், 2025 இல் மூன்றும் நிறுத்தப்பட்டுவிட்டன. எளிதாகத் தொடங்க விரும்பினால் ரஷ்யாவின் மெட்டியோர்-எம் செய்மதிகள் 137.9 மெகாஹேட்ஸில் வருகின்றன. 53 செமீ கம்பி இரண்டை 120 பாகை விரித்துக் கிடையாகக் கட்டினால் போதும். ஆனால் அவை நாளுக்குச் சில தடவை மட்டுமே கடக்கும்.

#14 கிண்ணியா_கரை

மின்கலம் எவ்வளவு தாங்கும்? தட்டின் திசை சரியாக வைத்தும் சமிக்ஞை வராமல் போனால் எங்கே பார்ப்பது?

#15 உப்புவெளி_அலைவாங்கி

பை, வாங்கி, பெருக்கி எல்லாம் சேர்த்து 8–10 வாட். 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி மின்கலத்தில் 84 வாட்-மணி. ஈய மின்கலத்தை முழுக்க வடியவிடக் கூடாது, ஆகவே நாலைந்து மணித்தியாலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு ஒரு படம் போதுமென்றால் இடையில் நிறுத்தி, நாள் முழுக்க ஓட்டலாம்.

சமிக்ஞை வராவிட்டால் முதலில் முனைவாக்கம், அதாவது வானொலி அலை அதிரும் திசை. வழிகாட்டிகள் பெரும்பாலும் வேறு இடங்களில் இருப்பவர்கள் எழுதியவை. நாம் மத்திய கோட்டுக்குப் பக்கத்திலிருந்து ஏறத்தாழ நேர் கிழக்கே பார்க்கிறோம். அதனால் செய்மதியின் முனைவாக்கம் இங்கே ஏறத்தாழ 78 பாகை சுழன்று தெரியும். தட்டின் குவியத்தில் அலையை வாங்கும் ஊட்டியை (feed) அவர்கள் நிலைக்குத்தாக வைக்கச் சொன்னால், இங்கே கிட்டத்தட்டக் கிடையாக வைக்க வேண்டும். திரையில் சமிக்ஞை விகிதத்தைப் பார்த்தபடி ஊட்டியை ஐந்து ஐந்து பாகையாகச் சுழற்றுங்கள், உச்சியில் நிறுத்துங்கள்.

அடுத்தது பெருக்கிக்கு 5 வோல்ட் போகிறதா என்பது. வாங்கியில் அந்த ஆளியை மென்பொருளில் திறக்க வேண்டும், பலர் திறப்பதில்லை. பெருக்கி தட்டின் ஊட்டியை ஒட்டியே இருக்க வேண்டும். பத்து மீற்றர் மெல்லிய கேபிளுக்குக் கீழே வைத்தால், பெருக்குவதற்கு முன்பே சமிக்ஞை இரைச்சலில் அமிழ்ந்துவிடும்.

கனமழை இந்த அலைவரிசையைப் பெரிதாகப் பாதிக்காது. மழையில் படம் நின்றால் மழை காரணமில்லை, இணைப்பியில் தண்ணீர் இறங்கியிருக்கிறது. உப்புக்காற்றில் சாதாரண மின் நாடா ஒரு வாடைக்கும் தாங்காது. தன்னோடு தானே ஒட்டும் ரப்பர் நாடாவைக் கீழிருந்து மேலாகச் சுற்றி, அதன் மேல் மின் நாடா போடுங்கள். கேபிள் இணைப்பிக்குக் கீழே ஒரு வளையம் தொங்கட்டும், தண்ணீர் அதில் சொட்டிவிடும்.